லால் ஷராபும் மட்டன் சாப்பும்

(கல்கத்தாவின் கிடர்பூரில் தமிழர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று என்ன தலைப்பு என்று நான் வீட்டில் சொன்னதும், "ஊர்க்காரங்க முன்னாடி ஒயினைப் பத்தியா பேசப் போறீங்க? உங்களுக்கு வேற விஷயமே கிடைக்கலையா?" என்று என் வீட்டம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். யாரையும் குடிக்கச் சொல்ல நான் இங்கே வரவில்லை. நானே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதுவும் அரை டம்ளர் பழக்கம் உள்ளவன். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கிடர்பூரில் கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தாவாக, சுங்கத்துக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி எழுதிப் பிழைத்தவன் நான். என் கை வழியாகப் போன சரக்கில் ஒன்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிரான்ஸிலிருந்து இத்தனை வரி கட்டி இறக்குகிறார்களே, இதை எந்தச் சாப்பாட்டோடு சாப்பிடுவார்கள்? நெடுங்காலம் இந்தச் சரக்குக்கு 150 விழுக்காடு இறக்குமதி வரி. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூற்றைம்பது ரூபாய் வரி எழுதும்போது யாருக்கும் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

நான் பேசப்போவது போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின். அதிலும் மெதோக் என்ற வட்டாரம்.

முதலில் ஊர். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கிடர்பூருக்குப் பெயர் வந்ததற்கு இரண்டு கதை சொல்வார்கள். கிட் என்ற கப்பல் கட்டும் குடும்பத்தின் பெயரால் வந்தது என்பது ஒன்று. ஜேம்ஸ் கிட் இங்கே கப்பல்துறை வைத்திருந்தார். 74 பீரங்கி தாங்கும் ஹேஸ்டிங்ஸ் என்ற போர்க்கப்பலை 1818இல் கட்டி நீரில் இறக்கியவர் அவர்தான். இன்னொரு கதை, தண்ணீரில் போகிறவர்களுக்குக் காவல் என்று மாலுமிகள் நம்பும் குவாஜா கிஸ்ர் பெயரால் வந்தது என்பது. நம் ஊர் முஸ்லிம்கள் கிள்ர் நபி என்பார்கள். சாகாவரம் தரும் நீரைக் குடித்தவர் என்று அவரைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். ஒரு ஊருக்குப் பெயர் வைக்க முதலாளியைவிட நபி மேல்.

போர்தோ நகரத்தை நான் பார்த்ததில்லை. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் எனக்குத் தோன்றியது, அங்கே ஓடும் ஆறு நம்ம ஹூக்ளி மாதிரி அல்லவா இருக்கிறது என்று. அதே சேற்றுப் பழுப்பு நிறம். கல்கத்தா கடலை ஒட்டிய துறைமுகம் கிடையாது. கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் ஏறி வரவேண்டும். போர்தோவும் அப்படித்தான், கரோன் ஆற்றின் வளைவில், கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே. இங்கே பெரிய ஓதத்தின்போது ஆற்றில் ஒரே அலை எதிர்த்து ஏறி வருமே, வங்காளிகள் 'பான்' என்பார்களே, அது அங்கேயும் உண்டு. மஸ்காரே என்று பெயர். கரோனும் தோர்தோன் என்ற இன்னொரு ஆறும் கூடி ஜிரோந்த் என்ற கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. அந்தக் கழிமுகத்தின் இடது கரைதான் மெதோக்.

அங்கே மண் என்று சொல்லக்கூடாது, கூழாங்கல். பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும். கபெர்னே சோவின்யோன் என்ற தடித்த தோல் திராட்சை அதில் நன்றாகப் பழுக்கும். வலது கரையில், சேன்த் எமிலியோன் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்கே மெர்லோ என்ற மிருதுவான திராட்சை அதிகம். இடக்கரை ஒயின் முறைப்பானது, வலக்கரை ஒயின் சமாதானமானது. விவரம் தெரிந்தவர்கள் இதற்கு நூறு விதிவிலக்குச் சொல்வார்கள்; நமக்கு இன்றைக்கு இது போதும்.

இந்த ஒயினை ஆங்கிலேயர்கள் கிளாரட் என்று அழைத்தார்கள். அக்கித்தேன் சீமாட்டி எலியனோர் 1152இல் ஹென்றியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவன் இங்கிலாந்துக்கு அரசனானான். அன்றிலிருந்து 1453 வரை, முந்நூறு வருடம், போர்தோ இங்கிலாந்து மன்னர்களின் சீதனச் சொத்து. அப்போது அங்கிருந்து போன ஒயின் இன்றைய கருஞ்சிவப்பு இல்லை. வெளிறிய, தெளிந்த சிவப்பு. பிரெஞ்சில் அதற்குக் கிளேரே என்று பெயர், தெளிவானது என்ற பொருளில். அதுதான் கிளாரட் ஆனது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மிடம் தேறல் என்று ஒரு சொல் இருக்கிறதே! தேறியது, தெளிந்தது, அதனால் தேறல். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித்தரக் குடித்து மகிழ்வாய் என்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பகுதியின் கூர்அடி மதுச்சாடிகள் உடைந்து கிடந்தன. ஆக, வெளிநாட்டு ஒயின் இறக்குமதியில் நாம் கல்கத்தாவுக்கு ரொம்ப மூத்தவர்கள். வரி எவ்வளவு போட்டார்கள் என்று மட்டும் நக்கீரர் சொல்லவில்லை.

கல்கத்தாவில் கிளாரட்டுக்கு ஊர்ப்பெயர் லால் ஷராப். சிவப்பு மது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர்களின் பேச்சில் அது 'லோல் ஷ்ராப்' ஆகி அவர்களுடைய அகராதி வரைக்கும் ஏறிவிட்டது. 1780இல் இங்கே வந்து சேர்ந்த எலைசா ஃபே என்ற அம்மாள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஒரு பகல் சாப்பாட்டைப் பட்டியல் போடுகிறார். சூப்பு, வறுத்த கோழி, சோறும் கறியும், ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை, ஆட்டுக்குட்டியின் முன்கால் பகுதி, அரிசிப் புட்டிங், பாலாடைக்கட்டி, கூடவே மதேரா மது. வெயில் மண்டையைப் பிளக்கும் இரண்டு மணிக்கு இதை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கல்கத்தா இங்கிலீஷ்காரர்கள் பலர் நாற்பது வயதைத் தாண்டாமல் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைக்குப் போனதற்குக் கொசுவை மட்டும் குறைசொல்ல முடியாது.

அந்தச் சூட்டில் ஒயினை எப்படிக் குளிரவைத்தார்கள்? ஒவ்வொரு பெரிய வீட்டிலும் அப்தார் என்று ஒரு ஆள். வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லென்று ஆகும். அதில் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டே இருப்பது அவன் வேலை. பீகாரிலிருந்து வந்த அதே வெடியுப்புதான் ஐரோப்பாவில் பீரங்கி மருந்து. பிறகு 1833இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் நிஜப் பனிக்கட்டியோடு ஹூக்ளியில் ஏறியது. கிளம்பும்போது 180 டன், இங்கே வந்து சேர்ந்தது சுமார் 100 டன். அனுப்பியவர் ஃபிரடெரிக் டியூடர். அவர் கட்டிய கிடங்குதான் சென்னைத் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் நம்ம கல்கத்தாவின் விவேகானந்தர் போய்த் தங்கிய வீடும் அதுவே.

இங்கே ஒரு நிமிடம் மைக்கேல் மதுசூதன் தத்தரைச் சொல்லாமல் போனால் கிடர்பூர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். பையனாக இதே கிடர்பூரில் வளர்ந்தவர். 1848இலிருந்து 1856 வரை மதராஸில் பள்ளி ஆசிரியர், பத்திரிகையாளர். ராவணன் மகனை நாயகனாக்கிக் காவியம் பாடியவர். பிறகு பிரான்ஸில் வெர்சாயில் குடும்பத்தோடு பட்டினி கிடந்தபோது வித்யாசாகர் பணம் அனுப்பிக் காப்பாற்றினார். குடி அவரைக் கடைசிவரை விடவில்லை. கிடர்பூர், மதராஸ், பிரான்ஸ் மூன்றையும் ஒரே உயிரில் சுமந்த மனிதர். ஒயினைப் பற்றிப் பேசத் தகுதியானவர் அவர்தான். அவர் இல்லாத குறைக்கு நான்.

இனி மெதோக்கின் வடக்குப் பக்கம் போவோம். சேன்த் எஸ்தெஃப் என்ற ஊர். அங்கே கூழாங்கல்லோடு களிமண்ணும் கலந்திருக்கும், அதனால் ஒயின் இன்னும் இறுக்கம். அந்த ஊரில் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் என்று ஒருவர், 1762இல் பிறந்தவர். 'கோஸ்' என்றால் அந்த வட்டாரப் பேச்சில் கூழாங்கல் மேடு. தன் மேட்டுக்குத் தன் பெயரையே சேர்த்து கோஸ் தெஸ்தூர்னெல் என்று வைத்தார். இந்தியாவுக்கு ஒயின் அனுப்பி விற்றவர் அவர். விற்காமல் திரும்பி வந்த பாட்டில்கள் போனதைவிடச் சுவையாக இருந்தன என்று சொல்லி, 'இந்தியாவிலிருந்து திரும்பியது' என்ற குறியோடு அதிக விலைக்கு விற்றாராம். கிடங்கைப் பிரான்ஸ் பாணியில் கட்டாமல் கீழைநாட்டுக் கோபுரங்களோடு கட்டினார். இன்றைக்கும் அந்த வீட்டின் இரண்டாம் ரக ஒயினுக்குப் பகோடா என்றுதான் பெயர். நம்ம டீக்கடைப் பக்கோடா இல்லை, கோபுரம். ஊரார் அவருக்கு வைத்த பட்டம் சேன்த் எஸ்தெஃப் மகாராஜா. கடன் ஏறி 1852இல் எல்லாவற்றையும் ஒரு லண்டன் பாங்கருக்கு விற்றார், அடுத்த வருடம் இறந்தார். 1855இல் பாரீஸ் கண்காட்சிக்காக மெதோக் ஒயின்களை ஐந்து படியாக வரிசைப்படுத்தியபோது அவருடையதுக்கு இரண்டாம் படி கிடைத்தது. பார்க்க அவர் இல்லை.

இந்தியாவரை போய்வந்த ஒயின் ருசியாக இருந்தது என்பதை நான் பாதிதான் நம்புவேன். மதேரா விஷயத்தில் அது உண்மை. அந்த ஒயினை வேண்டுமென்றே வெப்பமண்டலம் சுற்றவைத்தார்கள். சூடு அதற்கு வரம். ஆனால் போர்தோ? ஒருமுறை மே மாதத்தில் ஒரு கன்டெய்னர். குளிரூட்டி இல்லாத சாதாரணக் கன்டெய்னர். யாருடைய சரக்கு, எங்கே தாமதம் என்பதெல்லாம் வேண்டாம். காகிதத் தகராறில் யார்டு வெயிலில் மூன்று வாரம் கிடந்தது. திறந்தபோது பழக்கடையில் மிஞ்சிப்போன பேரீச்சை வாசனை. பாட்டிலை எடுத்துப் பார்த்தால் தக்கை, மேல் தகட்டை முட்டிக்கொண்டு விரல் நகம் அளவு மேலே ஏறியிருக்கிறது. கழுத்து வழியாக ஒழுகி லேபிளில் பிசுபிசுப்பு, அட்டையோடு ஒட்டிக்கொண்டது. ருசி பார்த்த அதிகாரி முகத்தைச் சுளித்து, "இது ரசம் வைக்கத்தான் ஆகும்" என்றார் வங்காளத்தில், ரசம் என்ற சொல்லை மட்டும் எனக்காகத் தமிழில். பாய்க்கப்பலில் நிலைமை வேறு என்று நினைக்கிறேன். அடித்தளத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, பீப்பாயும் பாட்டிலும் ஈர இருட்டில் மாதக்கணக்கில் மெல்ல ஆடிக்கொண்டு வந்திருக்கும். அது ஒரு பயணம். யார்டு வெயில் பயணம் இல்லை, அடுப்பு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சொல்: துவர்ப்பு.

மேல்நாட்டார் ஒயினைப் பற்றி எழுதும்போது டானின், டானின் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அடிப்படைச் சுவைகளை எண்ணும்போது அவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. நமக்கு அறுசுவையில் ஒன்று. நாவற்பழம் தின்ற நாக்கு, பிஞ்சு வாழைக்காய் கடித்த பல், கொட்டைப்பாக்கை அடக்கிய கன்னம், இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு மெதோக் ஒயினைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிட்டது. துவர்ப்புப் பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். எச்சிலின் வழுவழுப்புப் போய் வாய் வறண்டு இழுக்கும். வேறு புரதமோ கொழுப்போ வாயில் இருந்தால் துவர்ப்பு அதைப் பிடிக்கும், எச்சிலை விட்டுவிடும். வாழைப்பூவை நறுக்கி மோரில் போடுகிறோமே, கறுக்காமல் இருக்க மட்டுமா? மோரின் புரதம் துவர்ப்பையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கடுப்பாய் வடித்த டீயில் பால் விட்டதும் அது சாதுவாகிவிடுகிறதே, அதே கணக்கு. ஒயினுக்குச் சாப்பாடு பொருத்துவது என்று பெரிய வித்தையாகச் சொல்வதில் பாதி, டீயில் பால் ஊற்றும் வேலைதான்.

போர்தோக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்? பொயாக் என்ற ஊரில், தாய்ப்பால் மட்டும் குடித்த செம்மறிக் குட்டியை வாட்டுவார்கள். மாட்டின் விலாத் துண்டை, வெட்டிக் காயவைத்த திராட்சைக் கொடிச் சுள்ளியில் சுட்டு, மேலே சின்ன வெங்காயம் போன்ற ஒன்றைப் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். விலாங்குபோல் நீளமான லாம்ப்ரே என்ற மீனை அதன் இரத்தமும் சிவப்பு ஒயினும் சேர்த்து லீக் தண்டோடு வேகவைப்பார்கள். ஒயினைத் தெளியவைக்கப் பீப்பாயில் முட்டை வெள்ளையைக் கலப்பது அங்கே பழைய வழக்கம். துவர்ப்பில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அடியில் படியும். மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் கனலே என்ற சின்னக் கேக் பிறந்தது என்று சொல்வார்கள். கிளேரே, தேறல் என்று முன்னே சொன்னேனே, அந்தத் தெளிவுக்குப் பின்னால் ஒரு முட்டை இருக்கிறது.

கிடர்பூரில் ஆட்டுக்குட்டிக்கு எங்கே போவது? எங்கும் போகவேண்டாம். இங்கிருந்து பக்கத்திலேயே மெட்டியாபுரூஸ். ராஜ்ஜியம் பறிபோன அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856இல் வந்தவர், 1887இல் அங்கேதான் இறந்தார். வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் உதவித்தொகை. அவரோடு வந்த சமையல்காரர்களின் கைதான் இன்று கிடர்பூர்க் கடைகளில் நாம் சாப்பிடும் பிரியாணியும் சாப்பும். பிரியாணியில் உருளைக்கிழங்கு வந்தது நவாப் ஏழையானதால் என்பார்கள். பன்னிரண்டு லட்சம் வாங்கியவர் கறிக்கு வழியில்லாமல் கிழங்கு போட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று உருளைக்கிழங்கே புதுப் பொருள்.

போன குளிர்காலத்தில் என் மச்சினன் பாரீஸிலிருந்து திரும்பும்போது ஒரு சேன்த் எஸ்தெஃப் பாட்டில் வாங்கி வந்தான். கோஸ் தெஸ்தூர்னெல் இல்லை. அந்த விலைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கும் யார்மேலும் அவ்வளவு பிரியமில்லை. சாதாரண வீட்டு ஒயின். நான் கடையில் மட்டன் சாப் பார்சல் வாங்கினேன். கடையில் ஒயின் பேச்சே எடுக்கக்கூடாது, அது அவர்கள் மார்க்கத்துக்கு ஆகாது. வீட்டில்தான் சோதனை. அதே நேரம் வீட்டம்மா நெல்லைப் பக்குவத்தில் மட்டன் சுக்கா வறுத்திருந்தாள்.

ஒயினை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்று எழுதியிருப்பார்கள். அது பிரெஞ்சுக்காரன் வீட்டுப் பழைய கல் அறை, பதினேழு பதினெட்டு டிகிரி. நம் அறை இல்லை. முதலில் வெறும் ஒயின். மச்சினன் ஒரு வாய் குடித்து, "என்ன அத்தான், புளிச்ச நாவப்பழம் மாதிரி பல்லெல்லாம் இழுக்குது" என்றான். அடுத்து சுக்கா. மிளகு, வரமிளகாய், நல்லெண்ணெய். ஒரு துண்டு தின்று ஒயினைக் குடித்தால் வாய் எரிந்தது. மிளகாயின் எரிச்சலை மது விசிறிவிடுகிறது, துவர்ப்பு அதன்மேல் உப்புத்தாள் தேய்க்கிறது. மச்சினன் நேரே தண்ணீர்ச் செம்பைத் தூக்கினான். "என் கறியைக் குறை சொல்லாதீங்க, உங்க சீசாவைச் சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா. அவள் சொன்னது சரி.

பிறகு சாப். பார்த்திருப்பீர்கள், விலா எலும்போடு கறியைத் தட்டித் தட்டையாக்கி, கசகசாவும் முலாம்பழ விதையும் தயிரும் அரைத்துத் தடவி, அகலமான தட்டுச் சட்டியின் ஓரத்தில் அடுக்கி, நடுவில் கொழுப்பு மெல்லக் கொதிக்க மணிக்கணக்கில் கிடக்கும். மிளகாய் பேருக்குத்தான். ஒரு துண்டைப் பிய்த்தேன். எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. விரலில் நெய்யும் கசகசா மாவும். அதற்குமேல் ஒயின். இழுப்பு போய்விட்டது. சற்றுமுன் புளித்த நாவற்பழமாக இருந்தது இப்போது பழுத்த நாவற்பழம், பின்னாலேயே ஈரமண் வாசனை, பென்சில் சீவின மாதிரி ஒரு மணம். அது மட்டும் இல்லை, சாப்பும் மாறியது. மூன்றாவது துண்டில் திகட்டவேண்டிய கொழுப்பு திகட்டவில்லை. மச்சினன் பேசாமல் தட்டை என் பக்கத்திலிருந்து தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டான்.

பிரியாணியும் பொருந்தியது, ஆனால் தாழம்பூ வாசனை ஒயினின் வாசனையோடு கொஞ்சம் மல்லுக்கட்டியது. பிரியாணிக்குள் இருந்த உருளைக்கிழங்குதான் எதிர்பாராத வெற்றி. கறியின் கொழுப்பை முழுக்க உறிஞ்சி வைத்திருக்கிறதே!

மீன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலிஷ் மீனோடு சிவப்பு ஒயின் வேண்டவே வேண்டாம். சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால் மீன் வாயில் கவிச்சியாக அடிக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். இலிஷ் எண்ணெய் மீன், கேட்கவே வேண்டாம். அதற்கும் போர்தோவிலேயே மருந்து இருக்கிறது. கரோனுக்கும் தோர்தோனுக்கும் நடுவில் உள்ள நிலத்துக்கு 'இரு கடலுக்கு இடையே' என்று பெயர். அங்கே விளையும் வெள்ளை ஒயின் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். உப்பும் மஞ்சளும் தடவிப் பொரித்த இலிஷுக்கு அது சரி. கடுகு அரைத்த இலிஷுக்கு எந்த ஒயினும் சரியில்லை, சோறுதான் சரி.

இனிப்போடு இந்தச் சிவப்பு ஒயினைக் குடித்தால் வினிகர் மாதிரி ஆகிவிடும். சந்தேஷ் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு சோத்தெர்ன் என்ற வட்டார ஒயின். சிரோன் என்ற சில்லிட்ட சிற்றாறு கரோனில் கலக்குமிடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி கிளம்பும். அந்த ஈரத்தில் திராட்சையில் ஒரு பூஞ்சணம் பிடித்து, பழம் சுருங்கி, தித்திப்பு கெட்டிப்படும். அழுகலிலிருந்து தேன். குளிர்காலத்து நலேன் குர் சந்தேஷோடு அது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மச்சினன் அடுத்த முறை பாரீஸ் போகவேண்டும்.

கதவோரம் கையசைக்கிறார்கள், டீ வந்துவிட்டதாம். பால் டீதான். குடித்துவிட்டு வாருங்கள், கேள்விகளை அப்புறம் பார்ப்போம்.